பனிக்குச் சங்கிலி, மணலுக்குக் காற்று

1

மலையடிவாரத்தில் சங்கிலிப் பலகையை நேற்றுக் காலை நட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கார்த்திகையிலும் இதே வேலைதான். றோட்டுக் கண்காணி தள்ளுவண்டியில் பலகையையும் அலவாங்கையும் கொண்டுவருவார். போன வருடத்துக் குழியைத் தேடிப் பிடித்துக் கிண்டுவார். பலகையை நட்டு, இரண்டடி பின்னால் நின்று, சரிவாக நிற்கிறதா என்று பார்ப்பார். பலகையில் ஒரு வண்டிச் சில்லும் அதைச் சுற்றி ஒரு சங்கிலியும் வரைந்திருக்கும். கீழே மூன்று வரியில் சட்டம். இந்த இடத்துக்கு மேலே போகிற மோட்டார் வண்டி எதுவானாலும் பின்சில்லு இரண்டிலும் இரும்புச் சங்கிலி பூட்டியிருக்க வேண்டும்.

இது நான் காணும் பன்னிரண்டாவது பலகை. முதல் வருடம் வேடிக்கை பார்த்தேன். இப்போது பலகையைக் கண்டவுடனேயே விரல் நுனிகள் நோகத் தொடங்கிவிடுகின்றன. சங்கிலி பூட்டுவது கையுறை போட்டுக்கொண்டு செய்யக்கூடிய வேலை அல்ல. வெறுங்கையால் குளிர்ந்த இரும்பைப் பிடித்தால் தோல் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் பூட்டி இரண்டு தரம் கழற்ற வேண்டும். பங்குனி முடியும்வரை இதுதான் பிழைப்பு.

நேற்றுத்தான் மானிப்பாயிலிருந்து கந்தையாண்ணையின் கடிதமும் வந்தது. ஊரில் நானும் அவரும் ஒரே முதலாளியின் கீழ் ஆளுக்கொரு லொறி ஓட்டியவர்கள். அவர் எழுதுகிறார்: “தம்பி, உங்கை பனிக்குள்ளாலை கார் ஓடுற படம் ஒண்டு பேப்பரிலை பாத்தன். அதுக்கெண்டு வேறை ரயரோ? தேசத்துக்குத் தேசம் வேறை வேறை சட்டமெண்டும் கதைக்கிறாங்கள். விபரமாய் எழுது. வாசிகசாலையிலை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறன்.”

எழுதுகிறேன், அண்ணை. ஆனால் எழுதத் தொடங்கினால் அது ரயரோடு நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசிக்கும்போது எங்கே நிறுத்துவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சுவிஸ் மலைக்கிராமத்து ஹொட்டேலில் சாரதி. விருந்தினரை ஏற்றி இறக்க நாலு பக்கத்து எல்லைகளையும் தாண்டிப் போய் வந்திருக்கிறேன். நான் கண்டதைத்தான் சொல்கிறேன். போன வருடத்துச் சட்டம் இந்த வருடம் இருக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் மலைப் பக்கத்தில் பலகைக்கு மேலே சங்கிலி கட்டாயம். பலகைக்குக் கீழே, பனி வழித்த றோட்டில், அதே சங்கிலியோடு போனால் குற்றம், ஏனென்றால் சங்கிலி றோட்டைப் பிறாண்டிவிடும். ஆகவே பலகையடியில் நின்று ஏறும்போது பூட்டு, இறங்கும்போது கழற்று. வேடிக்கை என்னவென்றால், நான் இங்கே வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்புவரை இந்த மாகாணத்துக்குள் மோட்டார்க் காரே வரக்கூடாது என்று சட்டம் இருந்ததாம். நாங்கள் மானிப்பாயில் புழுதி கிளப்பிக்கொண்டு திரிந்த காலத்தில் இவர்கள் குதிரையோடு நின்றிருக்கிறார்கள். இதை ஹொட்டேல் சமையற்காரனிடம் வருடத்துக்கு ஒரு தரமாவது சொல்லிக் காட்டுவேன்.

ஜேர்மனிப் பக்கம் போனால் முதலில் தாள்களைக் கேட்பார்கள், பிறகுதான் ரயரைப் பார்ப்பார்கள். பட்டணத்துக் கல்றோட்டில் சங்கிலிச் சத்தம் கேட்டால் போதும், விசில் ஊதி நிறுத்திவிடுவார்கள். ஒஸ்ரியாவின் கதை வேறு. நான் வந்த புதிதில் அங்கே ஒரு மாகாணத்தில் வண்டி வலது பக்கம் போகும், கணவாய் தாண்டி அடுத்த மாகாணத்துக்குள் இறங்கினால் இடது பக்கம் போகும். குனிந்து சங்கிலி பூட்டிவிட்டு நிமிர்ந்தவனுக்கு எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பது மறந்துபோகும். பிரான்சில் சமவெளியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மலையில் அந்தந்த ஊர்க்காரர் சொல்வதுதான் சட்டமாக இருந்தது.

இன்னோர் எல்லைச் சாவடி, எந்த நாடு என்று சொல்லமாட்டேன். அங்கே சங்கிலி சில்லில் பூட்டியிருந்தால் அது வண்டியின் உறுப்பு, போகலாம். பெட்டிக்குள் கிடந்தால் அது இரும்புச் சரக்கு, தீர்வை கட்ட வேண்டும். பனியே இல்லாத காய்ந்த றோட்டில் சங்கிலியைப் பூட்டி, கடகடவென்று அந்தச் சாவடியைத் தாண்டி, வளைவுக்கு அப்பால் மறைந்தபின் கழற்றியிருக்கிறேன். அந்த உத்தியோகத்தர் எனக்குக் கையசைத்து வழியனுப்பினார். அவருக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ரயர் என்று கேட்டீர்களே. பழைய காலத்தில் தோற்பட்டையில் இரும்பு முளை அறைந்து ரயரைச் சுற்றிக் கட்டினார்களாம். இப்போது வடக்கே பின்லாந்தில் பனிக்கென்றே ஆழமாகப் பள்ளம் வெட்டிய ரயர் செய்கிறார்கள் என்று கேள்வி. நான் கண்ணால் காணவில்லை. என் ஹொட்டேல் முதலாளியிடம் சொன்னேன். மாரிக்கு ஒரு ரயர், கோடைக்கு ஒரு ரயர் என்றால் சில்லுகளுக்கும் உடுப்பு அலுமாரி வைக்க வேண்டுமே என்று சிரித்தார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

3

வல்லிபுரத்து மணலை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள், அண்ணை. கோயில் கடற்தீர்த்தத் திருவிழாவுக்குச் சனம் ஏற்றிக்கொண்டு போவோமே. உடுப்பிட்டிப் பக்கம் தாண்டும்வரை வண்டி நல்ல பிள்ளையாக ஓடும். மணல் தொடங்கியதும் பின்சில்லு புதைந்து, நின்ற இடத்தில் சுற்றும். சில்லுக்குக் கீழே கிடுகு போட்டுப் பார்ப்போம், பனை மட்டை போட்டுப் பார்ப்போம். கடைசியில் நாங்கள் செய்வது ஒன்றுதான். இறங்கிப் பின்சில்லு இரண்டிலும் காற்றைத் திறந்துவிடுவோம். ரயர் தட்டையாகி மணலின் மேல் பரந்து உட்காரும், வண்டி மெதுவாக ஏறிவிடும்.

எவ்வளவு காற்று விடுவது என்பதற்கு அளவு கருவியா இருந்தது நம்மிடம்? இருபதுவரை எண்ணுவோம், அவ்வளவுதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. திரும்பி வந்து கல்றோட்டில் ஏறியதும் ஏறிவந்த ஆட்களெல்லாம் முறைவைத்துப் பம் அடித்துக் காற்றேற்ற வேண்டும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு புறொக்ரர் ஐயா நாற்பது அடி அடித்துவிட்டு, “தம்பி, கோட்டிலை வழக்குப் பேசுறது இதிலும் சுகமடா” என்று சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

யாரும் படிப்பித்து வந்ததல்ல அது. செய்து செய்து கையில் ஊறிவிட்டது. வண்டி புதைந்தால் என் கை தானாகவே வால்வுக்குப் போகும். இந்தப் பழக்கத்தைத்தான் நான் பெட்டி படுக்கையோடு கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது எனக்குப் போன தை மாதம்வரை தெரியாது.

4

நான் இங்கே வந்த கதை உங்களுக்குத் தெரியும். வாசிகசாலையில் இருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு சுவிஸ்காரத் துரைக்குக் கார் ஓட்டினேன். அவர் ஊர் திரும்பியபோது என்னையும் கூட்டிவந்தார். இரண்டாம் வருடம் அவர் செத்துப்போனார். திரும்பி வரலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள், நான் இப்போது சாரதியாக இருக்கும் ஹொட்டேலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்த அன்னாவைக் கண்டுவிட்டேன். எங்களுக்கு ஒரு மகள். நான் வைத்த பேர் கமலாம்பிகை. பள்ளிக்கூடத்தில் கிளாரா. வீட்டில் நான் கமலா என்று கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்பிப் பார்ப்பாள்.

நாங்கள் வீட்டில் கதைப்பது இந்த ஊர்ப் பாஷை. ஆனால் அவர்கள் சொன்னதை எங்கடை பேச்சிலேதான் என்னால் எழுத முடியும். அன்னாவை நான் “இஞ்சேர்” என்று கூப்பிடுவேன். முதல் வருடம் முழுவதும் அது தனக்கு வைத்த செல்லப் பேர் என்று நினைத்திருந்தாள். ‘இங்கே பார்’ என்பதுதான் அது என்று விளக்கம் சொன்ன பிறகும் கோபிக்கவில்லை. அவள் அதிகம் கோபிப்பவள் அல்ல.

கோபிக்க அவளுக்குக் காரணம் இருந்தது. இந்த நாட்டுச் சட்டப்படி பிறநாட்டானைக் கட்டிய பெண் தன் பிரசாவுரிமையை இழந்துவிடுவாள். கலியாணம் முடிந்த மறு கிழமை கிராமக் கந்தோரில் அவள் பேரைப் புத்தகத்தில் வெட்டினார்கள். வெட்டிய எழுத்தர் அவளுடைய பெரியப்பா. அவள் பிறந்த வீட்டுக்கும் அந்தக் கந்தோருக்கும் இடையில் ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. அன்று முதல் அவள், தான் ஒருநாளும் காணாத இங்கிலாந்து அரசரின் பிரசை. பிள்ளையும் அப்படியே.

ஆகவே நாங்கள் மூன்று பேரும் பிறநாட்டார். ஒவ்வொரு மாசியிலும் பட்டணத்தில் உள்ள பிறநாட்டார் கந்தோருக்குப் போய் வதிவுப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு வேலை இருக்கும்வரை பத்திரம் கிடைக்கும். சாரதிப் பத்திரம் இருக்கும்வரை வேலை இருக்கும். சாரதிப் பத்திரம் போனால் வேலை போகும், வேலை போனால் மூன்று பேரும் போக வேண்டும். இதற்குள் திரும்பவும் ஒரு பெரிய யுத்தம் வரப்போகிறது என்று எல்லாரும் கதைக்கிறார்கள். பிறநாட்டாரைக் குறைக்க வேண்டும் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். முன்பு கந்தோரில் நிற்கவைத்து முத்திரை குத்தித் தருவார்கள். இப்போது உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். உட்காரவைப்பதை நான் மரியாதை என்று எடுத்துக்கொள்வதில்லை.

5

போன தை மாதம் ஒரு பின்னேரம். விருந்தினர் யாருமில்லை. அவர்களுடைய பெட்டிகளை மட்டும் ரயில் ஸ்ரேசனில் ஏற்றிக்கொண்டு, கீழே பள்ளிக்கூடத்திலிருந்து கமலாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். பலகையடியில் நிறுத்திச் சங்கிலி பூட்டினேன். கொஞ்சத் தூரம் ஏறியதும் டக் என்று ஒரு சத்தம். இடது பக்கச் சங்கிலியின் கொளுக்கி அறுந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் சங்கிலியோடு ஓடினால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். ஆகவே இரண்டையும் கழற்றி வண்டியின் பின்பெட்டிக்குள் போட்டேன்.

சட்டப்படி நான் செய்திருக்க வேண்டியது வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஹொட்டேலுக்கு நடந்து போய் வேறு சங்கிலி கொண்டுவருவது. ஒரு மணித்தியால நடை. பிள்ளைக்குக் குளிர். றோட்டில் அன்று காலை பெய்த புதுப்பனி, கால் வைத்தால் மொறுமொறுவென்று அமிழ்ந்தது. வண்டியை எடுத்தேன், பின்சில்லு நின்ற இடத்தில் சுற்றியது. இறங்கிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணை, அந்தச் சில்லு புதைந்திருந்த விதம் வல்லிபுரம்தான். நிறம் மட்டும்தான் வேறு.

என் கை வால்வுக்குப் போய்விட்டது.

“பப்பா, என்ன செய்யிறியள்?” கமலா கண்ணாடியைத் திறந்து தலையை நீட்டினாள்.

“காத்து விடுறன். எங்கடை ஊரிலை மணலுக்கு இப்பிடித்தான் செய்யிறது.”

“மணலுக்குள்ளாலை கார் ஓடுமோ?”

அவள் என் ஊரைப் பற்றித் தானாகக் கேட்ட முதற் கேள்வி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானாகச் சொன்னால் படம் கீறிக்கொண்டே கேட்பாள், அல்லது கேட்காமல் இருப்பாள். அன்று இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? இருபதுவரை எண்ண வேண்டும் என்றேன். தமிழில் எண்ணட்டோ என்று கேட்டாள். நான் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்ததை அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். ஒண்டு, இரண்டு, மூண்டு என்று எண்ணினாள். பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் கொஞ்சம் தடுமாறினாள். இரண்டு சில்லுக்கும் இரண்டு தரம் எண்ணினாள்.

வண்டி ஏறியது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிப் போயிற்று. கமலா கை தட்டினாள். பதினொரு வருடமாக இந்த ஊர்ச் சாரதிமாரிடம் கேட்டுக் கேட்டு ஓடியவன் நான். அன்று என் ஊர்க் கைவேலையால் ஓடினேன். “எங்கடை ஆக்களுக்குத் தெரியாத வேலையோ?” என்று வாய்விட்டே சொன்னேன்.

மூன்றாவது வளைவு வெயில் படாத இடம். அங்கே பனி இல்லை, கண்ணாடி மாதிரி ஐஸ்தான் இருந்தது. மணலில் ஐஸ் கிடையாது. இதை யோசிக்க எனக்குப் பதினொரு வருடம் போதவில்லை. காற்றிறங்கிய பின்சில்லு பிடிமானம் இல்லாமல் வழுக்கி, வண்டியின் பின்பக்கம் சுழன்று, எதிரே இறங்கிவந்த பால்காரரின் சறுக்கு வண்டியில் மோதியது. பால் தகரங்கள் உருண்டன. பால்காரர் பாய்ந்து விழுந்ததில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. கடவுளே என்று அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். அவர் என்னை ஏசவில்லை. பனிக்குள் ஊறிப்போகிற பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ்காரர் வந்தார். பெட்டிக்குள் கிடந்த சங்கிலியைப் பார்த்தார், அறுந்த கொளுக்கியையும் பார்த்தார். பிறகு பின்சில்லைக் காலால் தட்டிப் பார்த்தார். மற்றச் சில்லையும் தட்டினார். புத்தகத்தை எடுத்து நெடுநேரம் எழுதினார்.

ஹொட்டேல் முதலாளிதான் எனக்கு நிலைமையை விளக்கினார். சங்கிலி அறுந்தது விபத்து, அதற்கு எச்சரிக்கையோடு விடுவார்கள். காற்றை வேண்டுமென்றே திறந்துவிட்டேன் என்று தெரிந்தால் சாரதிப் பத்திரத்தைப் பறித்துவிடுவார்கள். “குளிரிலை காத்துச் சுருங்கிறது எல்லாருக்கும் தெரியும். அப்பிடிச் சொல்லு. வேறை ஒண்டும் கதையாதை” என்றார். அவரும் வேறு ஒன்றும் கதைக்காமல் போய்விட்டார்.

பால்காரருக்குக் கால் சுகமாகும்வரை அவருடைய பால் தகரங்களை ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் நான்தான் சுமந்து கொடுத்தேன். அவர் என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அவருக்கு உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

அன்னாவிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“அனுப்பிப்போடுவினமோ?” என்று கேட்டாள்.

“பத்திரம் போனால் அனுப்புவினம்.”

“நான் பயப்பிடேல்லை. ஆனால் என்ரை ஊரிலை இருந்து என்னை எங்கை அனுப்பிறது?” என்றாள். பிறகு கத்தியைக் கழுவி வைத்தாள். கமலா மேசையின் மறுபக்கத்தில் பள்ளிக்கூடக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவளும் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

6

மாசியில் வதிவுப் பத்திரம் புதுப்பிக்க அழைத்த கடிதத்திலேயே விபத்து விசாரணைக்கும் வரச் சொல்லியிருந்தார்கள். வண்டியில் இருந்த எல்லாரும் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அன்னாவுக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. நானும் கமலாவும் காலை ரயிலில் போனோம். நானோ அன்னாவோ அவளுக்கு ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளையிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றுதான் இருந்தேன்.

உத்தியோகத்தர் நடுவயதுக்காரர், கண்ணாடி போட்டவர். கெட்ட மனிதர் அல்ல. என்னுடைய கோப்பு இவ்வளவு தடிப்பாக வளர்ந்திருக்கிறதே என்று எனக்கே அதிசயமாக இருந்தது. பதினொரு வருடத்தில் நான் இந்த நாட்டில் சேர்த்தது அதுவாகத்தான் இருக்கும்.

“ரயரிலை காத்துக் குறைஞ்சது எப்பிடி?”

“குளிருக்குச் சுருங்கியிருக்கும், ஐயா. சூடான கொட்டிலுக்குள்ளை காத்தடிச்சது.”

அவர் தலையாட்டி எழுதினார். எழுதி முடித்துவிட்டு, அமைதியாகக் கேட்டார்: “அப்பிடியெண்டால் முன்சில்லு இரண்டும் ஏன் சுருங்கேல்லை?”

இந்தக் கேள்வியை நானும் யோசிக்கவில்லை, முதலாளியும் யோசிக்கவில்லை. இந்த ஊர்ப் பாஷையே எனக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். வல்லிபுரம், கடற்தீர்த்தம், மணல் என்று எங்கே தொடங்குவது? இந்த மனிதருக்கு அதை விளங்கவைத்து முடிக்கும்போது அன்னாவின் பேரை இன்னொரு புத்தகத்திலும் வெட்டியிருப்பார்கள்.

அவர் என்னை விட்டுவிட்டுக் கமலாவின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, அப்பா வழியிலை இறங்கினவரோ?”

“ஓம். சங்கிலி அறுந்துபோச்சு. கழட்டினவர்.”

“வேறை ஏதும் செய்தவரோ? சில்லிலை?”

“இல்லை.”

“நல்லாய் யோசிச்சுச் சொல்லு.”

“இல்லை. கை விறைச்சுப் போச்செண்டு வாயாலை ஊதிக்கொண்டு நிண்டவர். கன நேரம் ஊதினவர். நான் உள்ளுக்கை இருந்து பாத்துக்கொண்டிருந்தனான்.”

கண்ணிமைக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை. எட்டு வயதுப் பிள்ளை. நானோ மேசையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதே நேரத்தில் அவள் இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

“பெட்டியளின்ரை பாரம் பின்சில்லிலைதானே இருந்தது” என்று அவர் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அதையே எழுதினார். சங்கிலிக்கு ஓர் எச்சரிக்கை. வதிவுப் பத்திரம் இன்னும் ஒரு வருடத்துக்கு. முத்திரையை இரண்டு தரம் குத்தினார், முதல் தரம் மை பிடிக்கவில்லை.

வெளியே வந்து படிக்கட்டின் பாதியில் கமலா உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. உள்ளே அப்படிக் கல்லாக இருந்தவள் மூச்சு முட்ட அழுதாள். பொய் சொன்னதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அதைப்பற்றி என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு படி கீழே குந்தி, அவளுடைய கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சொன்னேன்: “பரவாயில்லையம்மா. நீ எனக்காகச் சொன்னனீ. பிழை என்ரை.”

“அதுக்கில்லை.”

“பின்னை ஏன் அழுகிறாய்? எல்லாம் முடிஞ்சுது.”

“அனுப்பிப்போடுவினம் எண்டு பயந்துபோனன். ஒவ்வொரு நாளும் படுக்கேக்கை அதைத்தான் நினைச்சனான்.”

“எங்கை அனுப்புவினம் எண்டு?”

அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள். இதைக்கூடவா கேட்பது என்ற மாதிரிப் பார்வை.

“உங்கடை ஊருக்கு.”

படிக்கட்டில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நான் அவளுக்குச் சொல்லிவந்த ஊர் அது. ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று நான் சொல்லாத வருடம் இல்லை. எந்த இடத்தை நினைத்து நான் இந்தப் பதினொரு மாரியையும் கழித்தேனோ, அந்த இடத்தை நினைத்துத்தான் என் பிள்ளை ஒரு மாதமாக நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறாள். அதற்குத் தப்பத்தான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள்.

“அடுத்த வருசமும் கேப்பினமோ, பப்பா?”

அவளுடைய கை குளிர்ந்திருந்தது. அதை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன்.

“கேட்டாலும் பயமில்லை. உன்னை அங்கை ஒருத்தரும் அனுப்பமாட்டினம். நீ ஒருநாளும் அங்கை போகத் தேவையில்லை.”

“மெய்யாயோ?”

“மெய்யாய்” என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.